திங்கட்கிழமைத் தலைவலி

புருஷன் பூபதி செத்து, அதற்கான விசாரணையும் முடிந்த பிறகு சுகுணா மாவு அரைக்கவில்லை. அடுப்படி மூலையில் கிரைண்டர் கவிழ்ந்து கிடந்தது. அதன் தலைமேல் பழைய போர்வைகள் இரண்டு. காலையில் கோதுமை ரவை, மதியமும் ராத்திரியும் சோறு. அவள் மட்டும் அப்படியில்லை. பள்ளிபாளையத்தில் ஓடைக்காட்டு லைன் வீடுகள் என்றால் தறிக்காரக் குடும்பங்கள் ஒட்டி ஒட்டி வாழும் ஒற்றை வரிசை. அந்த வரிசையில் ஒரு வீட்டிலும் கிரைண்டர் சத்தம் கேட்காது.

ஊரில் அவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது. மாவுக்காரிகள்.

பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுத்தவள்கூட எந்த லைன் என்று தெரிந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். டீக்கடையில் ஒருவன், "அக்கா கையால ரெண்டு இட்லி தின்னா நேரா ஆத்தங்கரைச் சுடுகாடுதான்" என்பான். கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களில் பாதிப் பேரை அவள் கைக்குழந்தையாகப் பார்த்திருக்கிறாள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்திருந்தது. பொறுக்க முடியாதது மகள் கொண்டுவரும் தண்ணீர் பாட்டில்.

மிதுனாவை ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை துணிக்கடையில் சூப்பர்வைசர். அப்பாவின் திதிக்கு மட்டும் மகள் வருவாள். வரும்போது ஒரு நீலப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவாள். கும்பிடுவாள், உட்காருவாள், தாகம் எடுத்தால் அந்தப் பாட்டிலைத் திறந்து குடிப்பாள். படையல் சோற்றைக் காக்கைக்கு வைத்துவிட்டு, "எனக்கு வேண்டாம்மா, வயிறு சரியில்லை" என்பாள். வருஷா வருஷம் அதே திதியில் வயிறு சரியில்லாமல் போவதற்கு எந்த டாக்டரும் காரணம் சொல்ல முடியாது.

*

பூபதி நல்ல மனுஷன். குடிக்கிற மனுஷன். இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பது லைன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை கூலி, ஞாயிற்றுக்கிழமை குடி, திங்கட்கிழமை படுக்கை. அந்த ஊர்த் தறிகளுக்கே திங்கட்கிழமை ஓய்வு என்று பழகிப்போயிருந்தது. தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, "இனி அதைத் தொட்டா என்னைச் செருப்பால அடி புள்ள" என்பான். அந்த வைராக்கியம் வியாழக்கிழமை வரைக்கும் தாங்கும்.

பிறகு புதுத் தறிகள் வந்தன. கண்ணால் பார்க்க முடியாத வேகம். கை நடுங்குகிறவனை அதன் பக்கத்தில் விடமுடியாது என்று பட்டறை வாசலில் ஒரு மெஷினை வைத்தார்கள். உள்ளங்கையை அதன்மேல் வைக்கவேண்டும். நடுக்கம் இல்லையென்றால் பச்சை விளக்கு, கதவு திறக்கும். இருந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். திங்கட்கிழமைதோறும் ஊரில் பாதிப் பேருக்குச் சிவப்பு.

அந்தச் சமயத்தில்தான் தூயவேர் என்கிற மருந்துக் கம்பெனி வந்தது. கல்யாண மண்டபத்தில் பெண்களை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஸ்ரீவத்ஸன் என்கிற டாக்டர் மைக்கைப் பிடித்தார். மருத்துவம் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர்.

"இது ஒரு மலைக்கொடியோட கிழங்கும்மா. இதுல ஐசோஃபிளேவோன்னு ஒரு சத்து இருக்கு. சோயாவுல இருக்கறதுக்குப் பங்காளி. மாசவிலக்கு நிக்கற வயசுல உடம்பு தகதகன்னு காயும் பாருங்க, அதுக்குச் சோயாவோடதைத் தர்றது உண்டு. இந்தக் கிழங்கோட சத்துக்கு வேற ஒரு குணம். சாராயம் உடம்புக்குள்ள போய் உடையறப்போ ஒரு நஞ்சு உண்டாகும். உடம்பு அதை உடனே துடைச்சுப்போடும். இந்தச் சத்து அந்தத் துடைக்கிற கையைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சுக்கும். அதனால ஒரு கிளாஸ் உள்ள போனதுமே மனுஷனுக்குப் போதும்னு தோணிடும்."

பின்வரிசையிலிருந்து தனபாக்கியம், சுகுணாவின் பக்கத்து வீட்டுக்காரி, சத்தமாகச் சொன்னாள்: "போதும்னு தோணற சீக்கு எங்க வூட்டாளுக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லீங்க டாக்டரு."

மண்டபம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார்.

ஆண்களிடம் சத்துமாவுத் திட்டம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். பொடியைப் பெண்களிடம் கொடுத்தார்கள். குழம்பை இறக்கும்போது ஒரு கரண்டி கலந்துவிட வேண்டும், அவ்வளவுதான். வாராவாரம் வந்து விசாரிக்க ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். பிரதீபா என்று பேர். சின்னப் பெண், கலகலப்பானவள். "அக்கா, அக்கா" என்று அடுப்படி வரைக்கும் வந்துவிடுவாள்.

பொடி வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பூபதி ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்வதற்குள் வீடு வந்தான். பாட்டிலில் பாதி மீதி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பத்தொன்பது வருஷத்துத் தாம்பத்தியத்தில் முதல்முறையாக, "ஏ புள்ள, நம்ம வூட்ல டீ இத்தனை சக்கரையாவா இருக்கும்?" என்று கேட்டான்.

"எப்பவும் இப்படித்தானுங்க. உங்களுக்கு இப்பத்தான் நாக்கு வந்திருக்குது" என்றாள்.

கொஞ்ச காலம் அப்படி ஓடியது. குழாய் ஒழுகியதைச் சரிசெய்தான். சீரியலில் மாமியார் செய்வது அநியாயம் என்று மகளோடு சண்டை போட்டான். அவளை ஈரோட்டுக்குக் கட்டிக்கொடுத்ததும் அப்போதுதான். அந்தக் கொஞ்ச காலத்தைத்தான் சுகுணா இன்றைக்கும் வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அந்தக் கிழங்கு கசக்கும். கத்தரிக்காய்க் குழம்பில் போட்டாலும் கசக்கும், கருவாட்டில் போட்டாலும் கசக்கும். ஒருநாள் தனபாக்கியத்தின் புருஷன் தட்டை வீசியெறிந்தான். "எனக்கு மருந்து வெக்கிறியாடி?" என்று கேட்டது வரிசை முழுக்கக் கேட்டது. மருந்து வைப்பது என்றால் சும்மா வார்த்தையில்லை. புருஷனை வசியம் பண்ண, புத்தி பேதலிக்க, சோற்றில் எதையாவது கலப்பது. அந்தப் பேச்சு ஒருத்தி மேல் விழுந்தால் அவள் பொறந்த வீட்டுக்குக்கூடப் போகமுடியாது. பெண்கள் பயந்துபோனார்கள். பொடியே வேண்டாம் என்றார்கள்.

பிரதீபாதான் அதற்கு வழி சொன்னாள். சுகுணாவின் அடுப்படியில், மாவுக்குண்டானைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டே சொன்னாள். "இட்லி மாவுல கலந்துடுங்கக்கா. புளிப்புல கசப்பு அமுங்கிடும்."

கசப்பு அமுங்கித்தான் போனது. விடிந்து பார்த்தால் மாவு பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது. இட்லி பூப்போல வந்தது. பூபதி இரண்டு இட்லி கூடவே தின்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் முழுப் பாட்டிலையும் முடித்துவிட்டு வந்தான். அதற்கடுத்த வாரம் அதற்கும் மேலே. ஆனால் திங்கட்கிழமை காலையில் அவன் துண்டு கட்டிக்கொண்டு உட்காரவில்லை. எழுந்து, பல் விளக்கி, சைக்கிளைத் துடைத்து, பாட்டை முனகிக்கொண்டே வேலைக்குக் கிளம்பினான். மெஷினில் கையை வைத்தான். பச்சை.

"கண்ணு, மருந்து வேலை செய்யறதில்லை" என்று பிரதீபாவிடம் சொன்னாள். "திரும்பவும் குடிக்கிறாரு. முன்னைக்கு ஜாஸ்தி. ஆனா என்ன அதிசயமோ, காலையில கல்லு மாதிரி எந்திரிக்கிறாரு. தலைவலிங்கறது இல்லை, வாந்தி இல்லை, கை நடுக்கம் இல்லை."

பிரதீபா நிமிர்ந்து பார்த்தாள். "எல்லார் வீட்டுலயுமாக்கா?"

"மாவுல போடற வூட்ல எல்லாம்."

"ஒரு டம்ளர் மாவு குடுங்கக்கா. சார் பாக்கணும்பாரு."

மாவு வாங்கிப் போனாள். பதினைந்து இருபது நாள் கழித்து ஒரு வேன் வந்தது. வீட்டுக்கு ஒரு புதுக் கிரைண்டர். தூயவேர் என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டியது. "இனிமே குழம்புல வேண்டாம், மாவுலயே போடுங்க, நல்லாப் புளிக்கட்டும்" என்று பிரதீபா வீடு வீடாகச் சொன்னாள். "மருந்து வேலை செய்யறதில்லையே கண்ணு" என்று சுகுணா மறுபடியும் சொன்னதற்கு, "போகப் போகச் செய்யும்க்கா, விட்டுடாதீங்க" என்றாள். அப்புறம் வாராவாரம் ஒரு டம்ளர் மாவு அவளுக்குப் போனது.

ஊருக்கே கொண்டாட்டம். திங்கட்கிழமை தறி ஓடியது. முதலாளிமார் லைன் வீடுகளுக்குத் தீபாவளிக்கு முன்னாலேயே மிக்சர் பாக்கெட் அனுப்பினார்கள். பூபதி மார்பைத் தட்டிக்கொண்டான். "என்ற உடம்பு இரும்பு புள்ள. சரக்கு எனக்கு ஒண்ணும் பண்றதில்லை."

அந்தத் திங்கட்கிழமைத் தலைவலிதான் அத்தனை வருஷமும் அவனை அடித்து அடித்து உட்காரவைத்துக் காப்பாற்றியிருக்கிறது என்பது அவளுக்கு அப்போது புரியவில்லை. வீட்டுக்குள் திருடன் நுழைந்தால் குரைக்கிற நாயை யாரோ கட்டிப்போட்டுவிட்டார்கள். திருடன் நிதானமாக உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு திங்கட்கிழமை பூபதி மெஷினில் கையை வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே நடந்துபோய்த் தறியின் பாவு நூல் உருளைக்குப் பக்கத்தில் நின்று ரத்தமாக வாந்தியெடுத்தான். வெள்ளைப் பாவு முழுக்கத் தெறித்தது. அப்போதுகூடக் கை நடுங்கவில்லை என்று பக்கத்துத் தறிக்காரன் பிற்பாடு சொன்னான்.

"ஈரல் மொத்தமும் போயிருக்கு. இவ்வளவு நாளா ஒரு அறிகுறியும் இல்லையா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்.

"இல்லீங்க. தலைவலிகூட இல்லீங்க" என்றாள்.

*

அந்த வரிசையில் பூபதி முதல் ஆள். கடைசி ஆள் இல்லை. தனபாக்கியத்தின் புருஷன் ஆடியில் போனான். அப்புறம்தான் விசாரணை வைத்தார்கள். அதே கல்யாண மண்டபம். அதே ஸ்ரீவத்ஸன், அதே மைக்.

இந்தமுறை அவர் பெண்களைப் பார்க்காமல் விசாரணை அதிகாரியைப் பார்த்துப் பேசினார். கிழங்கில் அந்தச் சத்து ஒரு சர்க்கரையோடு கட்டுண்டு இருக்கிறது. அப்படியே உள்ளே போனால் குடியைக் கட்டுப்படுத்தும். மாவில் போட்டுப் புளிக்கவைத்தால், மாவில் வளரும் நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைக் கடித்து எடுத்துவிடும். மிஞ்சுவது வேறு பொருள். அது குமட்டலையும் வலியையும் நடுக்கத்தையும் மறைக்கும். குடியை நிறுத்தாது, ஈரலையும் காக்காது.

சுகுணாவுக்குப் புரிந்தது. பாவு நூலில் கஞ்சி போட்டால் ஒரு குணம், கஞ்சியை அலசிவிட்டால் வேறு குணம். நூல் என்னவோ ஒன்றுதான். புரியாதது வேறு.

"கம்பெனி கொடுத்த வழிமுறை குழம்பில் கலப்பது" என்றார் அவர். "பெண்கள் தாங்களாக மாவில் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு ரொம்ப வருத்தம்."

அதிகாரி சுகுணாவைக் கேட்டார். "மாவுல கலந்தது யாரும்மா?"

"நானுங்க."

"புளிக்க வெச்சது?"

"நானுங்க. பிரதீபா சொல்லித்தானுங்க."

பிரதீபா எழுந்து நின்றாள். தரையைப் பார்த்துச் சொன்னாள். "நான் அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்லை சார்."

"அப்ப கிரைண்டர் எதுக்குங்க குடுத்தாங்க?" என்றாள் சுகுணா.

"பொங்கல் பரிசு" என்றார் கம்பெனி வக்கீல். புரட்டாசியில் வந்த பொங்கல் பரிசு. அதிகாரி தலையாட்டிக்கொண்டார்.

சமையலறைத் தவறு என்று தீர்ப்பு வந்தது. பேப்பரில் அதே தலைப்பு. அன்று சாயங்காலம் மிதுனா வீட்டுக்கு வந்து, உட்காராமல், கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "உனக்குத் தெரியாதுன்னே வெச்சுக்குவோம். ஆனா உன்ற கைதானம்மா."

அன்று ராத்திரி ஓடைக்காட்டு லைனில் ஒருவரும் தூங்கவில்லை. விடிந்ததும் பெண்கள் கிரைண்டர்களை வெளியே இழுத்துப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினார்கள். பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேய்த்தார்கள். கல்லின் குழிக்குள் விரலை விட்டுத் தேய்த்தார்கள். தனபாக்கியம் மாவுக்குண்டானைக் கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிட்டு வந்தாள். சுகுணாவின் உள்ளங்கைத் தோல் உரிந்து போனது. கை என்று மகள் சொன்னாளே, அந்தக் கை.

அடுத்த சித்திரைக்குள் மதுக்கடைக் கவுண்டரில் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் தொங்கின. 'விடியல்' என்று பெயர். குடித்த பிறகு ஒன்று வாயில் போட்டுக்கொண்டால் காலையில் ஒன்றும் தெரியாது. கிழிந்த பாக்கெட் ஒன்று வாசலில் காற்றில் வந்து கிடந்தது. குனிந்து எடுத்தாள். மோந்தாள். அவள் வீட்டு மாவின் வாசனை.

அன்றைக்குத்தான் அவளுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. தவறு என்று அவள் தலையில் கட்டினார்களே, அந்தத் தவறுக்கே பெயர் சூட்டி, படம் போட்டு, விற்றுக்கொண்டிருந்தார்கள். கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை. நூலைக் கோனில் சுற்றும் வேலைக்குப் போய் வந்தாள். சோறு பொங்கினாள். கோபம் அடுப்படி மூலையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

*

திதிக்கு முந்தின வாரம் ஒரு கார் வந்து லைன் முனையில் நின்றது. ஸ்ரீவத்ஸன் இறங்கினார். கூடவே பிரதீபா. கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கழுத்தில் கம்பெனி அட்டை. வரிசையில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"அக்கா" என்றாள் பிரதீபா.

"அக்கான்னு கூப்பிடாத. என்ன வேணும்?"

ஸ்ரீவத்ஸன் நின்றுகொண்டே பேசினார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. "சுற்றி வளைக்காம சொல்லிடறேம்மா. எங்க தொட்டியில வளர்த்த நுண்ணுயிர் செத்துப்போச்சு. ஒரு கிருமி புகுந்துடுச்சு. குளிர்ல பத்திரமா வெச்சிருந்ததும் மறுபடி வளருது, ஆனா அந்த வேலையைச் செய்யறதில்லை. சர்க்கரையைக் கடிக்கறதில்லை. வேற ஊர் மாவெல்லாம் எடுத்துப் பாத்தாச்சு. இது இந்த லைன்ல மட்டும் இருந்த ரகம்."

"இந்த லைன்லன்னா?"

"உங்க வீட்டு மாவுதான்" என்றாள் பிரதீபா மெதுவாக. "மார்கழிக் குளிர்ல மாவு பொங்கலைன்னா எல்லாரும் உங்க கிட்டத்தான் ஒரு கரண்டி பழைய மாவு வாங்கிட்டுப் போவாங்க. அதுலேர்ந்து பரவினது."

"ஒரு டம்ளர் போதும்" என்றார் அவர். "நீங்க கேக்கறதைக் கம்பெனி செய்யும்."

சுகுணா அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று தேடினாள். அவசரம் மட்டும்தான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை என்ற வூட்டுக்காரருக்குத் திதி. புள்ள வரும். அப்ப வாங்க. மாவுல போடச் சொன்னது யாரு, எதுக்குச் சொன்னதுன்னு அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. அதுக்கப்புறம் மாவைப் பத்திப் பேசலாம்."

"அதெல்லாம் பழைய கதைம்மா."

"உங்களுக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை மிதுனா வந்தாள். பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வரவில்லையா என்று கேட்டதற்கு, "நேத்து அவரு பிரெண்டோட கல்யாண ரிசப்ஷன். இருந்தாலும் காலங்காத்தால கடைக்குப் போயிட்டாரு. என்ன குடிச்சாலும் ஒருநாள் தலைவலின்னு படுத்ததில்லை" என்றாள். சுகுணா இலையில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் ஒரு கணம் நின்றாள். அதற்குள் கார் வந்துவிட்டது.

ஸ்ரீவத்ஸன் ஆரம்பித்தார். "ஒரு ஆய்வுன்னா எதிர்பாராத பக்க விளைவுகள்..."

"நீங்க வேண்டாம் சார். அவ சொல்லட்டும்" என்றாள் சுகுணா.

பிரதீபா மாலை போட்ட பூபதியின் படத்தைப் பார்த்தாள். பிறகு மிதுனாவைப் பார்த்தாள். "மாவுல போடச் சொன்னது நான்தான். முதல்ல கசப்புக்காகத்தான் சொன்னேன். சத்தியமா அப்போ எனக்கு எதுவும் தெரியாது."

"அப்புறம் எப்பத் தெரிஞ்சுது?" என்றாள் மிதுனா.

"மாவை லேப்ல பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. குடியை நிறுத்தற மருந்தைவிட இது விக்கும்னு மேல சொன்னாங்க. இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம், உடம்புக்கு என்ன ஆகுதுன்னும் பாக்கலாம்னாங்க. அதுக்குத்தான் கிரைண்டர்."

"கிரைண்டர் வந்தப்ப எங்கப்பா உசுரோட இருந்தாரா?"

பிரதீபா தலையாட்டினாள். "வேன்லேர்ந்து இறக்கி வெச்சதே அவர்தான். உங்க வீட்டுதை மட்டுமில்ல, வரிசைக்கே இறக்கி வெச்சாரு. எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு."

வெளியே காக்கை கரைந்துகொண்டிருந்தது. மிதுனா கையை ஓங்குவாள் என்று சுகுணா நினைத்தாள். மகள் ஓங்கவில்லை. எழுந்து அடுப்படிக்குள் போனாள். போர்வைகளை இழுத்துப் போட்டாள். கிரைண்டரின் பக்கவாட்டில் பாதி உரிந்த பச்சை ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு, இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நாங்க எங்க பக்கம் செஞ்சாச்சு" என்றார் ஸ்ரீவத்ஸன் தணிந்த குரலில். பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தார். "மாவு?"

"இல்லீங்க" என்றாள் சுகுணா.

"புரியலை."

"மாவு இல்லீங்க. நீங்க மைக்கைப் புடிச்சு எங்க கைதான் தப்புன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு மறுநாளே கழுவிட்டமுங்க. வெந்நீர் ஊத்தி, பிளீச்சிங் போட்டு, கல்லுக் குழியெல்லாம் தோண்டிக் கழுவினோம். அப்புறம் ஒருநாளும் அரைக்கலை. இந்த லைன்ல யாருமே அரைக்கலை. நீங்க மட்டும் அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா அந்த மாவு இன்னைக்கும் என்ற குண்டான்ல பொங்கிட்டுத்தான் இருக்கும். உங்க பேச்சுதானுங்க அதைச் சாகடிச்சுது."

அவர் நம்பவில்லை. உள்ளே போய்க் கிரைண்டர் கல்லைப் புரட்டினார், பஞ்சுக்குச்சியால் குழியைத் துடைத்தார். காய்ந்த எலும்பைப் போல வெளுத்திருந்தது. பிறகு குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். அடுத்த வீடு. அதற்கடுத்தது. பளபளக்கும் ஷூவும் இன் பண்ணின சட்டையுமாக வீடு வீடாக நின்று ஒரு கரண்டி மாவு கேட்டார். பெண்கள் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"நாங்க மாவு அரைக்கறதில்லீங்க."

தனபாக்கியம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசினாள். "கோதுமை ரவை இருக்குதுங்க. தரட்டுங்களா?"

கார் போன பிறகும் மிதுனா கிளம்பவில்லை. இலையின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். சுகுணா சோற்றைப் போட்டாள். நாலு வாய் உண்டவளுக்கு விக்கல் எடுத்தது. கை பாட்டிலுக்குப் போய், பாதியில் நின்று, பக்கத்திலிருந்த சொம்பை எடுத்தது.

சுகுணாவுக்கு அது போதவில்லை. போதும் என்று தோன்றவேண்டிய நேரம்தான். தோன்றவில்லை. இத்தனை வருஷத்துத் தாகத்தை ஒரு சொம்புத் தண்ணீரா தணிக்கும்? செத்தவன் படத்தில் இருந்தான். குப்பியோடு வந்தவர் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

*

'விடியல்' கையிருப்பு தீர ஒரு மாதம் ஆனது. முதலில் பாக்கெட் விலை ஏறியது. பிறகு கவுண்டரில் சரம் சரமாகத் தொங்கிய இடம் வெறும் ஆணியாக நின்றது.

அடுத்த திங்கட்கிழமை காலையில் சுகுணா கோன் பட்டறைக்குப் போகிற வழியெல்லாம் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாக்கடை ஓரத்தில் குனிந்து குமட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒருவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெயிலைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடியிருந்தான். பட்டறை வாசல்களில் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. தறிகள் நின்றிருந்தன. நாலு தெரு தாண்டிக் கோயில் மணி அடிப்பது கேட்டது. டீக்கடையில் அவளைக் கிண்டல் பண்ணுகிறவன் ஈரத்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பெஞ்சில் படுத்திருந்தான். அவளைப் பார்த்ததும் துண்டைக் கண்வரைக்கும் இழுத்துக்கொண்டான்.

போன் அடித்தது. மிதுனா. குரல் பதறியது.

"அம்மா, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு. தலையைத் தூக்க முடியலைங்கறாரு. விடிஞ்சதிலேர்ந்து வாந்தி. கையெல்லாம் நடுங்குது. இதுக்கு முன்னாடி இப்படி ஆனதே இல்லைம்மா." துணியை உதறும் சத்தம் கேட்டது. "சட்டைப் பையில காலிப் பாக்கெட்டா இருக்குதும்மா. நிறைய. எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

சுகுணா மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தம் எதுனா வருதா?"

"இல்லை. பித்தமா வருது. தலைவலி தாங்கலைன்னு சுவத்துல முட்டிக்கறாரு. மாத்திரை குடுக்கட்டுமா?"

"குடுக்காத."

"அம்மா, ரொம்ப வலிக்குதுங்கறாரு."

"வலிக்கட்டும்" என்றாள் சுகுணா. தெருமுனையில் இன்னொருவன் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். "நல்லா வலிக்கட்டும் சாமி. இன்னைக்கு வலிக்கட்டும். நாளைக்கு நான் வர்றேன், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஈரலைப் பாக்கலாம். இப்ப மாத்திரை மட்டும் குடுத்துடாத. உங்கப்பனுக்கு இது ஒரு நாள் வந்திருந்தாப் போதும்."